அடைப்புக்குறி போடும் கால்குலேட்டர்: இரண்டு வாரம் வைத்துப் பார்த்தேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது முழு விமர்சனம் இல்லை. மேட்ரிக்ஸ், இன்டெக்ரேஷன், காம்ப்ளெக்ஸ் எண் எல்லாம் எப்படிப் போடுகிறது என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள் வேறு இடம் பாருங்கள். நான் பார்த்தது ஒரே ஒரு பட்டன். எண்ணைக் கொடுத்தால் பகாக் காரணிகளாகப் பிரித்துக் காட்டுகிற பட்டன். அந்தப் பட்டனை நம்பி வாங்கலாமா என்பதுதான் இங்கே பேச்சு.

அக்கா மகள் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முதல் வருஷம். தீபாவளிக்குக் கோத்தகிரி வந்தவள், "மாமா, என் கால்குலேட்டர் ஹாஸ்டல்ல காணாமப் போச்சு, செமஸ்டர் வருது" என்றாள். இங்கே இரண்டு கடையில் கேட்டேன், ஸ்டாக் இல்லை என்றார்கள். சரி என்று குன்னூருக்கு பஸ் ஏறினேன். முதலில் போன கடையில், பெயர் வேண்டாம், பார்க்க அசல் மாதிரியே இருக்கும் ஒன்றை எடுத்து நீட்டினார்கள், விலையும் பாதிதான். அதில் இந்தப் பட்டனுக்கான எழுத்து மட்டும் அச்சடித்திருந்தது, அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. "அதெல்லாம் யாரு சார் யூஸ் பண்றாங்க" என்றார் கடைக்காரர். நான் யூஸ் பண்ணுவேன் அண்ணா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த கடையில் ஆயிரத்து சொச்சத்துக்கு அசல் கிடைத்தது, பில்லும் கொடுத்தார்கள். பிராண்டைச் சொல்லவில்லை, குறையும் சொல்லப் போகிறேன் என்பதால். காலேஜ் பசங்க பையில் இருக்கும் வழக்கமான மாடல்தான், பார்த்தால் தெரிந்துகொள்வீர்கள்.

அவள் ஊருக்குக் கிளம்ப இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரமும் அது என்னிடமே இருந்துவிட்டது. நான் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறவன், எட்டாவது முதல் பத்தாவது வரை, பத்தொன்பது பிள்ளைகள். பரீட்சை ஹாலில் அவர்களுக்குக் கால்குலேட்டர் கிடையாது, அதனால் நானும் பாடத்தில் தொட விடமாட்டேன். ஆனால் மழைக்காலத்தில் கரண்ட் போய்விட்டால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என்ன பாடம் நடத்துவது? இதை எடுத்துக் கொடுத்தேன்.

பயன்படுத்தும் முறை, ஏனென்றால் கையேட்டில் எறும்பு சைஸ் எழுத்து: எண்ணை அடித்து முதலில் சமக்குறியைத் தட்ட வேண்டும். அப்புறம் ஷிஃப்ட், பிறகு டிகிரி-நிமிடம்-விநாடி விசை. சமக்குறி தட்டாமல் அழுத்திவிட்டு வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள். பத்து இலக்கம் வரைதான், பதினோராவது வந்தால் பிழை என்று சொல்லிவிடும்.

பத்து இலக்கம் என்றதும் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மொபைல் நம்பர்தான். அம்மா நம்பர், அப்பா நம்பர், பக்கத்து வீட்டு அண்ணன் நம்பர். பாதிக்கு மேற்பட்ட நம்பர்களுக்கு விடையில் ஒரு பெரிய துண்டு அடைப்புக்குறிக்குள் வந்து நின்றது. "சார், இது ரிப்பேர்" என்று ஒருத்தன் அறிவித்தும் விட்டான். இணையத்தில் பொருள் வாங்கியவர்கள் எழுதுவதிலும் இதே புலம்பல்தான்: காரணி கேட்டால் பிராக்கெட் போட்டுத் தருகிறது, டிஃபெக்டிவ் பீஸ், ஒரு ஸ்டார்.

ரிப்பேர் இல்லை. அந்த அடைப்புக்குறியைப் பற்றித்தான் நான் இவ்வளவு நீளம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த மெஷின் மூன்று இலக்கம் வரையுள்ள பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்க்கிறது. 2இல் தொடங்கி 997 வரை மொத்தம் 168 பகா எண்கள். எல்லாவற்றாலும் வகுத்துத் தீர்த்த பிறகு ஒரு துண்டு மிஞ்சுகிறது என்று வையுங்கள். அந்தத் துண்டு பகு எண்ணாக இருந்தால், அதன் காரணிகள் எல்லாம் நான்கு இலக்கமாவது இருக்க வேண்டும். நான்கு இலக்கத்தில் மிகச் சிறிய பகா எண் 1009. அதன் வர்க்கம் 1018081. மிஞ்சிய துண்டு இதைவிடச் சிறியது என்றால் அது பகா எண்தான், வேறு வழியே இல்லை, மெஷின் தைரியமாக அப்படியே எழுதிவிடும். அதுவோ அதற்கு மேலோ என்றால், பகாவாகவும் இருக்கலாம், இரண்டு மூன்று பெரிய பகா எண்களின் பெருக்கலாகவும் இருக்கலாம். அப்போது அடைப்புக்குறி. 'இதற்கு மேல் நான் பார்க்கவில்லை' என்று அர்த்தம். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டாத ஒரு சாமானுக்கு ஒரு ஸ்டார் கொடுத்து வைத்திருக்கிறார்கள் மக்கள்.

ஏன் மேலும் பார்க்கக் கூடாது என்று ஒன்பதாவது படிக்கும் பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. பத்து இலக்க எண்ணின் வர்க்கமூலம் ஒரு லட்சத்துக்குள் வரும், ஆக ஒரு லட்சம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் முடிந்தது. அவை மொத்தம் 9592. ஏற்கெனவே பார்த்த 168 போக மீதி 9424. பார்த்ததைப் போல ஐம்பத்தாறு மடங்கு வேலை. பொத்தான் பேட்டரியில் ஓடுகிற மெஷினில், திரையை வெறித்துக்கொண்டு அவ்வளவு நேரம் யார் உட்காருவார்கள்? கம்பெனிக்காரர்கள் ஒரு இடத்தில் கோடு போட்டுவிட்டார்கள். மூன்று இலக்கத்தோடு நிறுத்தியதில் எனக்கு வருத்தம் இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது, வருகிறேன்.

ஒரு பையனின் அப்பா நம்பர் முழுசாக அடைப்புக்குறிக்குள் வந்தது. பத்து இலக்கமும் உள்ளே, வெளியே ஒன்றுமில்லை. "எங்க அப்பா நம்பர் பிரைம் சார்!" என்று குதித்தான். இருக்கலாம்டா என்றேன். பத்து இலக்க எண்களில் சுமார் 23க்கு ஒன்று பகா எண், 10 இன் அடுக்கு 10க்கு இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln விசை) போட்டால் வருகிற 23.03தான் அந்தக் கணக்கு. 1000 கோடி வரை எண்ணினால் 45,50,52,511 பகா எண்கள் இருக்கின்றன. வகுப்பில் பத்தொன்பது பேர், ஒருத்தன் வீட்டிலாவது பகா நம்பர் இருப்பது அதிசயமில்லை. கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம், இரண்டு ஐந்து இலக்கப் பகா எண்களின் பெருக்கல். முகம் வாடிவிட்டது. உண்மையில் அப்படிப்பட்ட எண்ணைத்தான் பிரிப்பது கஷ்டம், ரகசியக் குறியீட்டு முறைகளில் சில இந்த வித்தையை நூற்றுக்கணக்கான இலக்கம் அளவுக்குப் பெரிதாக்கித்தான் நிற்கின்றன என்று ஆறுதல் சொன்னேன். ஏற்றுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

அதே மடக்கையில் இன்னொரு வேடிக்கை. 23.03க்கு மறுபடி இயல் மடக்கை போட்டுப் பாருங்கள், 3.1368 வரும். ஒரு எண்ணுக்கு வழக்கமாக எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் இருக்கும் என்றால், மடக்கையின் மடக்கை அளவுக்கு இருக்கும் என்று ஹார்டியும் ராமானுஜனும் 1917இல் காட்டினார்கள். பத்து இலக்க மொபைல் நம்பருக்குச் சுமார் மூன்று. எங்கள் வகுப்பிலும் இரண்டு, மூன்று, நான்கு என்றுதான் பெரும்பாலும் வந்தது. வட்டக் கணக்கில் வரும் π (பை, 3.1416) மாதிரி தெரிவது தற்செயல், அதில் ஒன்றும் இல்லை. 

சரி, நான் வைத்த பரீட்சைக்கு வருகிறேன். நான்கு எண்கள்.

முதலாவது 8589869056. தன்னைத் தவிர்த்த காரணிகளையெல்லாம் கூட்டினால் தானே திரும்ப வருகிற எண்ணை நிறைவெண் என்பார்கள், 6, 28, 496, 8128 என்று போகும். இது அந்த வரிசையில் ஆறாவது. ஏழாவதுக்குப் பன்னிரண்டு இலக்கம், ஆகவே இந்தத் திரைக்குள் அடங்குகிற கடைசி நிறைவெண் இதுதான். மெஷின் 2¹⁶ × 131071 என்று அடைப்புக்குறி இல்லாமல் பளிச்சென்று காட்டியது, 131071தான் 1018081ஐவிடச் சிறியதாயிற்றே. இத்தாலிக்காரர் கட்டால்டி 1588இல் இதே 131071 பகா எண் என்று கையால் வகுத்து நிறுவினார். அதன் வர்க்கமூலம் 362 சொச்சம், அதுவரையுள்ள பகா எண்கள் 72, எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். நம் பட்டனுக்குக் கண் இமைக்கிற நேரம். 

இரண்டாவது 6983776800. இதை அடித்தபோதுதான் பிள்ளைகள் "ஓ" என்றார்கள்: 2⁵ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19. வரிசையாக 19 வரை ஒரு பகா எண்ணையும் விடவில்லை. மொத்தம் 2304 காரணிகள். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இவ்வளவு காரணிகள் கிடையாது. இந்த ஜாதி எண்களை எடுத்து 1915இல் நீண்ட கட்டுரை எழுதியவர் ராமானுஜன்தான். காரணி எண்ணிக்கை எப்படி வந்தது என்று கேட்டார்கள், அடுக்குகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்குங்கள், 6 × 4 × 3, அப்புறம் ஐந்து தடவை 2. அதைப் போட்டுப் பார்க்கவே கரண்ட் இல்லாத முக்கால் மணி நேரம் போய்விட்டது. நல்ல வகுப்பு.

மூன்றாவது, யாரும் முதலில் அடிக்கிற எண், 123456789. மெஷின் சொன்னது 3² × (13717421). அவ்வளவுதான். கைவிட்டுவிட்டது. இங்கேதான் எனக்குக் குஷி. இரு வர்க்கங்களின் வித்தியாசம் என்று ஒரு சூத்திரம் படிக்கிறார்களே, எதற்கு சார் அது என்று வருஷா வருஷம் கேட்பார்களே, அதை எடுத்தோம். 13717421ஐ எந்த வர்க்கத்திலிருந்தாவது கழித்து இன்னொரு வர்க்கம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வர்க்கமூலம் 3703க்கும் 3704க்கும் நடுவில். 3704 இன் வர்க்கம் 13719616, கழித்தால் 2195, வர்க்கம் இல்லை. 3705 இன் வர்க்கம் 13727025, கழித்தால் 9604. 9604 என்பது 98 இன் வர்க்கம்! ஆக 3705இல் 98 கழித்தால் 3607, கூட்டினால் 3803. இரண்டும் பகா எண்கள். 3607 × 3803 = 13717421. ஆயிரத்து சொச்சம் ரூபாய் மெஷின் நின்ற இடத்தில் பத்தாவது பையன் பேனாவோடு இரண்டே வரியில் தாண்டிவிட்டான். எப்போதும் இப்படி நடக்காது, இரண்டு காரணிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் நடந்தது என்று அவனிடம் சொன்னேன், அவன் காதில் அது விழவில்லை, அப்போதே கடைக்குப் போய் எல்லாரிடமும் சொல்லத் தயாராக இருந்தான்.

மறந்துவிட்டேன், விண்ணப்பங்களில் மாதிரிக்குப் போடுகிற 9876543210ஐயும் ஒருத்தி அடித்தாள். 2 × 3² × 5 × 17² × 379721. அடைப்புக்குறி இல்லை. இறங்குவரிசை முழுசாகப் பிரிந்துவிட்டது, ஏறுவரிசை மாட்டிக்கொண்டது. இதற்குக் காரணம் என்று ஒன்றும் இல்லை, அந்த எண்கள் அப்படி.

நான்காவது என் சொந்த ஆசை. 4294967297. அதாவது 2 இன் அடுக்கு 32, கூட்டல் 1. அடுக்கு 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் இந்த வடிவத்து எண்கள் எல்லாம் பகா எண்கள் என்று பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா நம்பினார். 3, 5, 17, 257, 65537 வரை சரியாகவே இருந்தது. அடுத்தது இது. ஆய்லர் 1732இல் இதை உடைத்தார். மெஷின் 641 × (6700417) என்றது. 641 கிடைத்துவிட்டது, அதுவே போதும் ஃபெர்மாவைக் கவிழ்க்க. ஆனால் அந்த அடைப்புக்குறி என்னை விடவில்லை. 123456789க்குப் போட்ட அதே அடைப்புக்குறி. அதற்குள் இரண்டு எண்கள் ஒளிந்திருந்தன. இதற்குள்?

6700417 இன் வர்க்கமூலம் 2588 சொச்சம். 1009 முதல் 2588 வரை எல்லாப் பகா எண்களாலும் வகுக்க வேண்டும் என்றால் இரவு முழுக்க ஆகும். ஆனால் இந்த ஜாதி எண்ணுக்கு ஒரு குணம் உண்டு. 4294967297 இன் எந்தப் பகாக் காரணியும் 128ஆல் வகுத்தால் மீதி 1 தர வேண்டும், 641கூட 128 ஐந்து தடவை கூட்டல் 1தான். இப்படி 1009க்கும் 2588க்கும் நடுவில் எத்தனை எண்கள்? 1025, 1153, 1281 என்று 2561 வரை பதின்மூன்றே பதின்மூன்று. அதிலும் பெரும்பாலானவை பகா எண்களே இல்லை, 1537 என்பது 29 × 53, 1921 என்பது 17 × 113. பட்டியலில் 1793 வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள், கோத்தகிரி உயரம் என்று போட்டிருக்கும் மீட்டர் கணக்கு அதுதான். பார்த்தால் 11 × 163, நம் ஊரும் கழிந்தது. கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர், 1153ம் 1409ம். 6700417ஐ 1153ஆல் வகுத்தால் மீதி 334. 1409ஆல் வகுத்தால் மீதி 622. முடிந்தது. 6700417 பகா எண். வெறும் இரண்டு வகுத்தலில் அடைப்புக்குறியைக் கழற்றிவிட்டோம், அந்த வகுத்தலையும் இதே மெஷினில்தான் போட்டோம்.

இப்போது குறை. ஒரு அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்கள் ஒளிந்திருக்கின்றன, இன்னொன்றுக்குள் ஒரே ஒரு சுத்தமான பகா எண். மெஷின் இரண்டையும் ஒரே மாதிரி காட்டுகிறது. காரணியைக் கண்டுபிடிப்பது வேறு, இது பகாவா பகுவா என்று மட்டும் சொல்வது வேறு. இரண்டாவது வேலை முதலாவதைவிட மிகமிக லேசு. காரணி எதுவென்றே தெரியாமல் 'இது பகு எண்' என்று அடித்துச் சொல்லும் வழிகள் எல்லாம் எப்போதோ வந்துவிட்டன. 13717421க்கு ஒரு வகை அடைப்புக்குறி, 6700417க்கு ஒரு வகை என்று போட்டிருந்தால் இதைவிட நல்ல கணக்கு வாத்தியார் கடையில் கிடைக்காது. 2147483647ஐ முழுசாக அடைப்புக்குறிக்குள் போட்டபோது எனக்குக் கோபமே வந்தது, அது பகா எண் என்று ஆய்லரே 1772இல் சொல்லிவிட்டார், இன்னும் உங்களுக்குச் சந்தேகமா?

மற்றவை சுருக்கமாக. கறுப்பு மூடி கொஞ்சம் இறுக்கம், குளிரில் விரல் விறைத்திருக்கும்போது கழற்றுவது பாடு. சூரிய ஒளிப்பட்டையும் உண்டு, பொத்தான் பேட்டரியும் உண்டு, ஐப்பசி மூட்டத்தில் மூன்று நாள் வெயிலே பார்க்காமலும் திரை மங்கவில்லை. திரைக்குத் தனி வெளிச்சம் கிடையாது, மெழுகுவர்த்தி அருகில் சாய்த்துப் பிடித்துப் படித்தோம், ஒரு சொட்டு மெழுகு ஏழாம் எண் விசை மேல் விழுந்துவிட்டது, நகத்தால் சுரண்டினேன், இன்னும் லேசாக ஒட்டுகிறது. அதை அக்கா மகளிடம் சொல்லவில்லை. காரணி கேட்டுக் கிடைத்த விடையை அப்படியே அடுத்த கணக்கில் எடுத்துப் போட முடியவில்லை, 641ஐ மறுபடி கையால்தான் அடிக்க வேண்டும், சின்ன எரிச்சல்.

வாங்கலாமா? பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில், வாங்கலாம், பட்டனை அழுத்துவதற்கு மட்டும் இல்லாமல் அது நின்ற இடத்திலிருந்து தொடர யாராவது பக்கத்தில் உட்காருவார்கள் என்றால். பெரிய எண்களை முழுசாகப் பிரித்தே ஆக வேண்டும் என்பவர்கள் போனிலேயே இலவசமாகச் செய்துகொள்ளலாம், பணத்தை வீணாக்க வேண்டாம். ஐந்துக்கு நான்கு ஸ்டார் தருவேன். கடையில் வாங்கும்போதே 4294967297 அடித்துப் பாருங்கள், 641ம் பக்கத்தில் அடைப்புக்குறியும் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நான் போன முதல் கடையில் வந்த மாதிரி திரை சும்மா இருந்தால், சொல்லிக்கொள்ளாமல் அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் பஸ் ஏற்றிவிடும்போதுதான் அவளிடம் கொடுத்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தவள், "மாமா, இதுல ஏழு ஏன் இப்படிப் பிசுபிசுங்குது?" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது, நல்லவேளை. டியூஷன் பிள்ளைகள் இப்போது தினமும் கேட்கிறார்கள், அதனால் சனிக்கிழமை மறுபடி குன்னூர், அதே இரண்டாவது கடை.